மென்பொருள் வேலையா, சொந்தத் தொழிலா? புத்தளக் கரையில் முடிவெடுக்கும் முறை

தகவல் தொழில்நுட்ப வேலையை விட்டுச் சொந்தத் தொழிலுக்குப் போவது என்ற ஒரே பேச்சுக்குள் மூன்று வெவ்வேறு மாற்றங்கள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, இப்போது சம்பளத்துக்குச் செய்யும் அதே வேலையைத் தன் பெயரில் செய்வது: மென்பொருள் எழுதிக் கொடுப்பது, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு நேரடியாகச் சேவை வழங்குவது. இரண்டாவது, குடும்பத்தில் ஏற்கெனவே நடக்கும் தொழிலில் இணைவது: தகப்பனின் தென்னந்தோட்டம், மாமனின் கருவாட்டு வியாபாரம், அண்ணனின் இறால் பண்ணை. மூன்றாவது, வீட்டில் எவரும் செய்யாத ஒரு தொழிலைப் புதிதாகத் தொடங்குவது.

இந்த மூன்றிலும் இடர் ஒரே அளவில் இல்லை. முதல் வகையில் கைத்திறன் மாறுவதில்லை. வாடிக்கையாளரைத் தேடும் பொறுப்பு மட்டும் புதிதாகச் சேர்கிறது. இரண்டாம் வகையில் அனுபவம் வீட்டிலேயே இருக்கிறது. ஆனால் பங்கும் அதிகாரமும் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி எழுகிறது. மூன்றாம் வகையில் திறன், சந்தை, ஆள், முதல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கற்க வேண்டியிருக்கிறது. எந்த மாற்றம் என்பதை ஒரு வரியில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே மற்றக் கணக்குகளுக்குப் பொருள் உண்டு.

புத்தளம் மாவட்டக் கரையில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பரிமாணம் இருக்கிறது. மாரவில, சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி எனத் தெற்கிலிருந்து வடக்காக நீளும் இந்தக் கரையின் தொழில்கள் அனைத்தும் பருவத்தோடு ஓடுபவை. மென்பொருள் நிறுவனத்தின் சம்பளமோ மாதத்தோடு ஓடுவது. மாதக் கணக்கில் பழகிய குடும்பம் பருவக் கணக்குக்கு மாறுவதைத் தாங்குமா என்பதே இங்கு முடிவைத் தீர்மானிக்கும் முதன்மையான கேள்வி.

விடப்போவதன் உண்மையான மதிப்பு

பெரும்பாலோர் கைக்கு வரும் சம்பளத்தைத் தொழிலின் இலாபத்தோடு ஒப்பிடுகிறார்கள். இந்த ஒப்பீடு குறைவானது. சம்பளத்தோடு சேர்ந்து வரும் மற்ற வரவுகளையும் கூட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, மாதம் 3,00,000 ரூபாய் மொத்தச் சம்பளம் பெறும் ஒரு மென்பொருள் பொறியியலாளரை எடுத்துக்கொள்ளலாம். ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் பங்கு 8 சதவீதம், அதாவது 24,000 ரூபாய். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரி ஒழுங்கின்படி ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபர் நிவாரணம் உண்டு. மீதி வருமானத்தில் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18 சதவீதம், அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 24 சதவீதம் என்று வரி ஏறுகிறது. அவருடைய ஆண்டு வருமானம் 36 இலட்சம், வரிக்குரியது 18 இலட்சம், வரி 2,22,000 ரூபாய், மாதத்துக்கு 18,500. கையில் வருவது 2,57,500 ரூபாய்.

இதோடு கூட்ட வேண்டியவை: அவருடைய சேமலாப நிதிப் பங்கு 24,000, அதே நிதிக்கு நிறுவனம் செலுத்தும் 12 சதவீதம், 36,000, ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நிறுவனம் செலுத்தும் 3 சதவீதம், 9,000. 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள நிறுவனத்தில் 5 ஆண்டு முடித்தவருக்கு, 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் உரியது. மாதமாகப் பிரித்தால் 12,500. எல்லாம் சேர்ந்து 3,39,000 ரூபாய். தொழிலில் போடப்போகும் சேமிப்பு 30 இலட்சம் என்றும், அது நிலையான வைப்பில் ஆண்டுக்கு 8 சதவீதம் தருமென்றும் கொண்டால், இழக்கும் வட்டி மாதம் 20,000. ஆக, வரி கழித்த பின் மாதம் 3,59,000 ரூபாய் தரும் தொழிலே இந்த வேலைக்குச் சமமானது.

மறுபக்கத்தில் கழிக்க வேண்டியவையும் உண்டு. கொழும்பில் அறை வாடகை, சாப்பாடு, வார இறுதியில் ஊருக்கு வந்து போகும் பயணம் ஆகியவை ஊரில் வாழ்ந்தால் நின்றுவிடும். அவை மாதம் 90,000 ரூபாய் என்றால் இலக்கு 2,69,000 ஆக இறங்கும். ஒவ்வொருவரும் தன் எண்களைப் போட்டு இந்தக் கணக்கைச் செய்யலாம். முதல் ஆண்டிலேயே அந்த இலக்கை எட்ட வேண்டுமென்பதில்லை; எந்த ஆண்டில் எட்டும் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

பணிக்கொடைக்கு 5 ஆண்டு நிறைய இன்னும் சில மாதங்களே இருந்தால் அதுவரை பொறுத்திருப்பது நல்லது. சேமலாப நிதியின் முழுத் தொகை பொதுவாக ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதிலேயே கிடைக்கும்; ஆகவே அதைத் தொழில் முதலாகக் கணக்கிடக் கூடாது.

கரையின் தொழில்களும் அவற்றின் காலக்கணக்கும்

*இறால்.* வடமேல் கரையில் இறால் வளர்ப்பு 1980களில் வணிகமாகப் பெருகியது. சிலாபம் முதல் முந்தல், புத்தளம் வரை களப்பு ஓரத்தில் குளங்கள் வெட்டப்பட்டன. 1996 இல் பரவிய வெள்ளைப் புள்ளி நோய் பண்ணைகளைக் கூட்டாக வீழ்த்தியது. ஒரு பண்ணையின் கழிவுநீர் களப்பில் கலக்கிறது. பக்கத்துப் பண்ணை அதே களப்பிலிருந்து நீரை எடுக்கிறது. நோயும் அந்த வழியே போகிறது. இதனால்தான் எந்த வலயத்தில் எப்போது குஞ்சு விடலாம் என்று பயிர்க் காலண்டர் வகுக்கப்பட்டது. தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையும் பண்ணையாளர் அமைப்புகளும் சேர்ந்து இதை நடத்துகின்றன. தன் வசதிப்படி குஞ்சு விட நினைப்பவருக்கு இத்தொழில் பொருந்தாது.

ஒரு போகம் ஏறத்தாழ 3 முதல் 4 மாதம். தீனும் மின்சாரமும் செலவின் பெரும்பகுதி. போகம் பிழைத்தால் போட்ட முதல் முழுவதும் ஒரே கிழமையில் போகலாம். குஞ்சுகளைப் பிசிஆர் பரிசோதனை செய்து வாங்குவது, நீரின் உவர்ப்பையும் உயிர்வாயுவையும் நாள்தோறும் குறித்து வைப்பது, தீன் அளவை எடை வளர்ச்சியோடு ஒப்பிடுவது ஆகியவற்றில் தரவுப் பழக்கமுள்ளவருக்கு உண்மையான முன்னிலை உண்டு. இருந்தும், அடுத்தடுத்து இரண்டு போகம் பிழைத்தாலும் மூன்றாவதை நடத்தக் கையில் முதல் இருப்பவரே இறங்க வேண்டும்.

*தென்னை.* குருணாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்கள் சேர்ந்ததே இலங்கையின் தென்னை முக்கோணம். 1929 இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சித் திட்டத்தின் வழிவந்த தென்னை ஆராய்ச்சி நிலையம் இந்த மாவட்டத்தின் லுணுவிலவில் இருக்கிறது. தோட்டத்தில் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒரு பறிப்பு. ஆகவே கரையின் தொழில்களில் வரவு ஓரளவு சீராக இருப்பது இதில்தான். ஆனால் காய்ப்பு முன் ஆண்டின் மழையையும் வெப்பத்தையும் பொறுத்தது. விளைச்சல் குறைந்ததால் 2024 இறுதியிலும் 2025 இலும் தேங்காயின் சில்லறை விலை 200 ரூபாயைத் தாண்டியது. தோட்டக்காரருக்கு அது நல்ல விலை. எண்ணெய், துருவல், தேங்காய்ப்பால் ஆலைகளுக்கு அதுவே மூலப்பொருள் நெருக்கடி. தென்னைத் தொழிலுக்கு வருபவர், தான் காய் விற்பவரா, காய் வாங்குபவரா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். தும்பு, தும்புத்தூள், சிரட்டைக் கரி போன்ற துணைப் பொருள்களுக்கு வெளிநாட்டில் சந்தை இருக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு எழுதிப் பேசி, மாதிரி அனுப்பி, தர அளவை ஆவணமாக்கிப் பழகியவர் இந்த இடத்தில் ஊருக்கே பயன்படுவார்.

*மீனும் கருவாடும்.* தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை மேற்குக் கடல் கொந்தளிக்கும். இக்கரை மீனவர் பலர் அக்காலத்தில் கிழக்குக் கரைக்குச் சென்று வாடி அமைப்பது பழைய வழக்கம். மீன் வியாபாரம் முற்பணத்தில் ஓடுகிறது: வலைக்கும் இயந்திரத்துக்கும் முதலாளி பணம் கொடுத்திருப்பார், பிடித்த மீன் அவருக்கே போகும். வெளியிலிருந்து வருபவர் கூடுதல் விலை தருவதாகச் சொன்னாலும் மீன் கிடைக்காமல் போவதற்குக் காரணம் இந்தக் கொடுக்கல் வாங்கல். ஐஸ், லொறி, பேலியகொட மொத்தச் சந்தைக்கு விடியுமுன் போய்ச் சேரும் ஒழுங்கு ஆகியவையும் வேண்டும். கருவாடு இதைவிட அவகாசம் தருகிறது. சுத்தமாக உலர்த்தி, எடை குறையாமல் பொதியிட்டு, பெயரோடு விற்றால் விலை நிற்கும். இலங்கை கருவாட்டையும் நெத்தலியையும் இன்னமும் இறக்குமதி செய்கிறது என்பதால் உள்நாட்டுச் சந்தைக்குக் குறைவில்லை. மழை மாதங்களில் உலர்த்த வெயில் இல்லை என்பதே இதன் எல்லை.

*உப்பு.* புத்தளத்தின் உப்பளங்கள் வெயிலையும் காற்றையும் நம்பியவை. விளையும் நேரத்தில் பெய்யும் ஒரு பெருமழை உப்பைக் கரைத்துவிடும். 2025 இல் மழையால் நாடு முழுவதும் உப்புத் தட்டுப்பாடு ஏற்பட்டு இறக்குமதி செய்ய நேர்ந்தது. பாத்தி உள்ளவர்களிடமே தொழில் சுற்றுவதால் புதியவருக்கு இடம் பொதியிடல், அயடின் சேர்த்தல், விநியோகம் ஆகியவற்றிலேயே பெரும்பாலும் கிடைக்கும்.

*மரக்கறி.* கற்பிட்டித் தீபகற்பத்தின் மணல் நிலத்தில் சின்ன வெங்காயம், மிளகாய், பூசணி ஆகியவை நிலத்தடி நீரைக் கொண்டு விளைகின்றன. நுரைச்சோலையில் பொருளாதார மத்திய நிலையம் இருப்பதால் விற்பனை இடம் அருகிலேயே உண்டு. எல்லோரும் ஒரே கிழமையில் அறுவடை செய்யும்போது விலை விழுவதும், மணலில் இட்ட உரம் கிணற்று நீருக்குள் இறங்குவதும் இதன் இரண்டு இடர்கள். அளந்து உரமிடும் சொட்டுநீர் முறை இரண்டாவதைக் குறைக்கும்.

*சுற்றுலா.* கற்பிட்டியில் பட்டச் சறுக்கல் விளையாட்டுக்கு மே முதல் ஒக்டோபர் வரை ஒரு காற்றுப் பருவமும், டிசெம்பர் நடுப்பகுதி முதல் மார்ச் வரை இன்னொன்றும் உண்டு. டொல்பின் பார்க்கும் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. தலவில புனித அன்னம்மாள் திருவிழாக்களும் முன்னேஸ்வரத் திருவிழாவும் உள்நாட்டு யாத்திரிகரைக் கொண்டுவருகின்றன. ஆண்டின் பல மாதங்களுக்கு வேலை உண்டு என்பது இதன் பலம். நாட்டு நிலைமையைப் பார்த்து ஒரே நாளில் நின்றுவிடும் என்பது பலவீனம்: 2018 இல் 23 இலட்சத்தைத் தாண்டிய, இலங்கைக்கான வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளின் வருகை, 2019 ஏப்ரல் 21 தாக்குதலுக்கும் அதன்பின் வந்த கொரோனாவுக்கும் பிறகு 2021 இல் 2 இலட்சத்துக்கும் கீழே போனது, 2024 இல்தான் மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டியது. கடன் வாங்கி விடுதி கட்டியவர் இந்த இடைவெளியை எப்படித் தாண்டினார் என்று கற்பிட்டியில் விசாரித்து அறிவது எந்தப் பயிற்சி வகுப்பையும்விடப் பயன்தரும்.

*கரையில் இருந்தபடியே மென்பொருள்.* கொழும்பை விடுவதற்கு மென்பொருளை விட வேண்டியதில்லை. வெளிநாட்டுக்குச் சேவை வழங்கி அந்நியச் செலாவணியாக வங்கி வழியே பணத்தைக் கொண்டுவருபவருக்கு 2025 ஏப்ரல் 1 முதல் வருமான வரியின் உச்ச வீதம் 15 சதவீதம். 2025 ஜூலை முதல் ஸ்டார்லிங்க் இணையச் சேவையும் இலங்கையில் இருக்கிறது. குவால்கம் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்ரீதர் வேம்பு 1996 இல் தொடங்கிய அட்வென்ட்நெட், பின்னாளில் ஸோஹோ என்று பெயர் மாறி, தென்காசி போன்ற சிற்றூர்ப் பகுதியிலும் அலுவலகம் நடத்துகிறது. ஐபிஎம் ஆய்வுப் பிரிவில் இருந்த சஞ்சீவ வீரவரண 2005 இல் கொழும்பில் டபிள்யூஎஸ்ஓடூ நிறுவனத்தைத் தொடங்கினார். இருவரும் தமக்குத் தெரிந்த துறையை விடாமலே தொழிலதிபர் ஆனவர்கள். வேலை சலித்ததற்குக் காரணம் நகர வாழ்க்கையா, மேலதிகாரியா, வேலையின் தன்மையா என்று பிரித்துப் பார்த்தால், பலருக்கு இந்த வழியே போதுமானதாக இருக்கும்.

பணம் வெளியே நிற்கும் காலம்

புதிய தொழில்கள் இலாபமில்லாமல் மூடப்படுவதைப் போலவே, இலாபம் இருந்தும் கையில் பணமில்லாமல் மூடப்படுவதும் உண்டு. மாதச் சம்பளத்தில் வாழ்ந்தவருக்கு இது பழக்கமில்லாத நோய் என்பதால் தனியாகக் கவனிக்க வேண்டும்.

ஒரு கருவாட்டு வியாபாரி மாதம் 8 இலட்சம் ரூபாய்க்குச் சரக்கு வாங்குகிறார் என்க. மீனவருக்கு அன்றே பணம் கொடுக்க வேண்டும். சரக்கு 15 நாள் அவர் கையில் இருக்கிறது. வாங்கும் கடை 45 நாள் கழித்துப் பணம் தருகிறது. ஆக, 60 நாளுக்குரிய பணம், 16 இலட்சம் ரூபாய், எப்போதும் வெளியே நிற்கும். வியாபாரம் இரட்டிப்பானால் இந்தத் தொகையும் 32 இலட்சமாகும். வளரும்போதே பணமுடை வருவதன் காரணம் இதுதான். அவர் குடும்பச் செலவு மாதம் 2 இலட்சம் என்றால், வரவில்லாத 6 மாதத்துக்கு 12 இலட்சம் வேண்டும். இரண்டும் சேர்ந்து 28 இலட்சம். உலர்த்தும் தட்டி, களஞ்சியம், வாகனம் எதுவும் இதில் சேரவில்லை.

எனவே முடிவெடுப்பவர் மூன்று எண்களைத் தனித்தனியே எழுத வேண்டும்: ஒரு முறை செலவாகும் முதல், எப்போதும் வெளியே நிற்கும் முதல், ஒரு பருவம் முழுவதும் வரவில்லாவிட்டாலும் வீட்டை நடத்தத் தேவைப்படும் பணம். மூன்றாவது எண் தொழில் கணக்கோடு கலக்கவே கூடாது. அது வேறு வங்கிக் கணக்கில், முடிந்தால் துணைவரின் பெயரில் இருக்கட்டும்.

முதல் எங்கிருந்து வரும்

சொந்தச் சேமிப்பே முதல் ஆண்டுக்குப் பொருத்தமான முதல். கடன் வாங்குவதானால் வட்டி வீதம் மாறும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியின்போது வங்கிகளின் சராசரி முதன்மைக் கடன் வீதம் ஆண்டிறுதியில் 27 சதவீதத்தைத் தாண்டியது. 2025 இல் அது 8 சதவீத அளவுக்கு இறங்கியது. மாறும் வட்டியில் வாங்கிய கடன் ஒரே ஆண்டில் மூன்று மடங்கு சுமையாகலாம் என்பதை இந்தத் தலைமுறை நேரில் கண்டது. 20 சதவீத வட்டியிலும் தவணை கட்ட முடியுமா என்று கணக்குப் பார்த்து, முடியாதென்றால் கடன் தொகையைக் குறைக்க வேண்டும்.

குடும்ப வீட்டை அடமானம் வைப்பதில் தனிக் கவனம் தேவை. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்குப் பராட்டே எனப்படும் அதிகாரத்தைத் தருகிறது. அடமானச் சொத்தை நீதிமன்றம் போகாமலே ஏலம் விட முடியும். நெருக்கடிக்குப் பின் 2024 இல் இந்த அதிகாரம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டதே அதன் பாரத்தைக் காட்டும். பெற்றோர் வாழும் வீட்டைப் புதிய தொழிலின் பிணையாக வைக்காமல் இருப்பதே முறை.

வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் குடும்பங்கள் இக்கரையில் பல. முதல் ஒருவருடையதும் உழைப்பு மற்றவருடையதுமான முளாரபா, இருவரும் முதல் போடும் முஷாரகா ஆகிய ஒழுங்குகள் அவர்களுக்கு உண்டு. 2011 இல் தொடங்கிய அமானா வங்கி போன்ற நிறுவனங்கள் வட்டியில்லா முறையில் நிதி வழங்குகின்றன. உறவினரின் பங்கு முதலாக இருந்தாலும் யார் எவ்வளவு போட்டார், இலாபம் எப்படிப் பிரியும், நட்டம் யாரைச் சேரும், ஒருவர் விலகினால் பங்கை எப்படி மதிப்பிடுவது என்ற நான்கையும் எழுத்தில் வைக்க வேண்டும். எழுதி வைப்பது நம்பிக்கையின்மை ஆகாது. உறவைக் காக்கும் வழி அது.

வேலையில் இருந்தபடியே ஒரு பருவம்

இந்த அத்தியாயத்தின் மைய அறிவுரை இது: தேர்ந்த தொழிலின் ஒரு முழுப் பருவத்தை வேலையில் இருந்தபடியே பார்த்து முடிக்காமல் விலகல் கடிதம் கொடுக்கக் கூடாது. நல்ல மாதமும் கெட்ட மாதமும் அடங்கிய ஒரு சுற்றே தொழிலின் உண்மையான முகம்.

கேரளத்தின் வயநாட்டைச் சேர்ந்த பி.சி. முஸ்தபாவின் வழி இதற்கு நல்ல சான்று. கணினிப் பொறியியல் படித்து மோட்டோரோலாவிலும் துபாயில் சிட்டி வங்கியிலும் தொழில்நுட்பப் பணியில் இருந்தவர் அவர். 2005 இல் பெங்களூரில் ஐடி ஃப்ரெஷ் ஃபுட் என்ற நிறுவனம் இட்லி, தோசை மாவு விற்கத் தொடங்கியபோது அவர் முதல் போட்டார். அன்றாட வேலையை அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர்கள் நடத்தினார்கள். மிகச் சிறிய சமையலறையில் அரைத்த மாவை அருகிலுள்ள சில கடைகளுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். விற்பனை நிலைத்த பிறகே அவர் முழுநேரமாக இறங்கினார். சின்ன அளவு, நம்பகமான கூட்டாளி, சில வாடிக்கையாளர், பிறகு முழுநேரம் என்ற அந்த வரிசை எந்தக் கரைக்கும் பொருந்தும்.

புத்தளக் கரையில் இதையே இப்படிச் செய்யலாம். இறாலில் ஆர்வமுள்ளவர் நடந்துகொண்டிருக்கும் ஒரு பண்ணையில் சிறு பங்கு போட்டு, ஒரு போகம் முழுவதும் தீன், நீர், மின்சாரக் கணக்கைத் தானே எழுதலாம். தென்னைத் துணைப்பொருளில் ஆர்வமுள்ளவர் பிறரின் ஆலையில் செய்வித்த சரக்கைத் தன் பெயரில் ஒரு சில வாடிக்கையாளருக்கு விற்றுப் பார்க்கலாம். சுற்றுலாவில் ஆர்வமுள்ளவர் குடும்ப வீட்டின் ஒரு அறையை முறைப்படி பதிவுசெய்து ஒரு காற்றுப் பருவத்துக்கு வாடகைக்கு விடலாம்.

சோதனைக் காலத்தில் நான்கு கேள்விகளுக்கு விடை கிடைக்க வேண்டும். உறவினரல்லாத எத்தனை பேர் இரண்டாம் முறையும் வாங்கினார்கள்? சொன்ன நாளில் பணம் வந்ததா? தன் உழைப்புக்கும் கூலி போட்டுக் கணக்கிட்ட பிறகு இலாபம் நிற்கிறதா? தான் ஊரில் இல்லாத நாளில் வேலை ஓடியதா?

தொடங்குமுன் வேலை ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். வேறு தொழிலில் ஈடுபடுவதற்கு நிறுவனத்தின் அனுமதி தேவை என்ற விதி பல ஒப்பந்தங்களில் உண்டு. விலகும்போது தரவேண்டிய முன்னறிவிப்புக் காலம், வாடிக்கையாளரை அழைத்துச் செல்லத் தடை, எழுதிய நிரலின் உரிமை ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் கணினியையும் நேரத்தையும் சொந்தத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது.

தொழில்நுட்பம் தெரிந்தவருக்கு வரக்கூடிய ஒரு சறுக்கலும் உண்டு: முதலில் செயலி ஒன்றை உருவாக்கத் தோன்றும். கருவாட்டுக்கு உலர்ந்த களஞ்சியமும், இறாலுக்கு நோயற்ற குஞ்சும், மீனுக்கு ஐஸும் குறையாக இருக்கும்போது செயலி அந்தக் குறைகளைத் தீர்க்காது. முதல் பருவத்துக்கு ஓர் அட்டவணைக் கோப்பும் கைபேசியும் போதும்.

பதிவும் அனுமதியும்

தனி உரிமையாளராகவோ பங்காளிகளாகவோ தொடங்குபவர் வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகம் வழியாகப் பதிவுசெய்யலாம். வரையறுத்த பொறுப்புள்ள கம்பனியாக்குவதானால் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி கம்பனிப் பதிவாளரிடம் பதிய வேண்டும். கம்பனி என்றால் சொந்தச் சொத்துக்குப் பாதுகாப்பு உண்டென்றாலும், வங்கி பெரும்பாலும் பணிப்பாளரின் தனிப்பட்ட பிணையைக் கேட்கும். அங்கே அந்தப் பாதுகாப்பு குறைந்துவிடும்.

உள்ளூராட்சி மன்றத்தின் வியாபார அனுமதிப்பத்திரம், தொழிலின் தன்மைப்படி சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம், உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் வரி இலக்கம் ஆகியவை அடுத்தவை. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். பதிவு கட்டாயமாகும் விற்றுவரவு வரம்பு அவ்வப்போது மாற்றப்படுவதால் தொடங்கும் ஆண்டின் வரம்பைத் திணைக்களத்திடம் உறுதிசெய்ய வேண்டும். ஆள் வைத்த நாள் முதல், முதலாளி செலுத்த வேண்டிய சேமலாப நிதியின் 12 சதவீதமும் நம்பிக்கை நிதியத்தின் 3 சதவீதமும் தன் பொறுப்பாகும்.

கரையோரத்தில் கட்டுபவருக்கு இன்னொரு சட்டம் உண்டு. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டப்படி, உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் விடுதியோ குளமோ எதைச் செய்வதானாலும் கரையோரப் பாதுகாப்பு மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். காணிக்கு முற்பணம் கொடுக்குமுன் இதை விசாரிக்க வேண்டும். உறுதியில்லாத அல்லது அரச காணியென்று வழக்குள்ள நிலத்தில் கட்டிய கட்டடத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது.

குடும்பமும் திரும்பும் வழியும்

இந்த முடிவை ஒருவர் தனியாக எடுக்க முடியாது. வீட்டுக் கடன் தவணை, பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் மருந்து, தங்கையின் திருமணம் ஆகியவை எந்த ஆண்டில் எவ்வளவு கேட்கும் என்று துணைவரோடு உட்கார்ந்து 3 ஆண்டுக்கு எழுத வேண்டும். வீட்டில் இன்னொருவருக்கு நிலையான சம்பளம் இருந்தால் பருவத் தொழிலின் இடைவெளி எளிதில் தாண்டப்படும். நிறுவனம் தந்த மருத்துவக் காப்புறுதி விலகியதும் நின்றுவிடும். அதற்கு மாற்று முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும்.

நிறுத்தும் எல்லையையும் தொடங்குமுன்பே எழுதி வைப்பது முறை: எத்தனை இலட்சம் போனால், எத்தனை பருவம் பிழைத்தால் நிறுத்துவது என்று. நட்டத்தின் நடுவில் எடுக்கும் முடிவு தெளிவாக இருக்காது. மென்பொருள் துறைக்குத் திரும்பும் கதவு இரண்டு, மூன்று ஆண்டு வரை திறந்தே இருக்கும். அதற்குத் திறன் துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளைப் பகுதிநேர மென்பொருள் வேலைக்கு ஒதுக்கினால் திறனும் தங்கும், வீட்டுச் செலவின் ஒரு பங்கும் வரும்.

முடிவெடுக்கும் அளவுகோல்

விலகலாம் என்பதற்கான அடையாளங்கள்:

- ஒரு முழுப் பருவம் சோதித்து, நான்கு கேள்விகளுக்கும் நல்ல விடை கிடைத்திருக்கிறது.
- வெளியே நிற்கும் முதலும் வீட்டுச் செலவுக்கான பணமும் தனித்தனியே கையில் இருக்கின்றன.
- பங்கு, கடன், காணி ஆகியவை எழுத்தில் தெளிவாக இருக்கின்றன.
- ஒரு பருவம் பிழைத்தாலும் பெற்றோரின் வீடு பாதிக்கப்படாது.
- துணைவர் கணக்கைப் பார்த்துச் சம்மதித்திருக்கிறார்.

பொறுத்திருக்க வேண்டும் என்பதற்கானவை:

- சோதனை நல்ல மாதங்களில் மட்டுமே நடந்திருக்கிறது.
- விற்பனை உறவினரையும் நண்பரையும் தாண்டவில்லை.
- பணிக்கொடை, வீட்டுக் கடன் போன்ற ஒன்று ஓரிரு ஆண்டில் முடியவிருக்கிறது.
- அனுமதிப் பத்திரங்கள் இன்னும் வரவில்லை.

வேண்டாம் என்பதற்கானவை:

- முதல் முழுவதும் கடனிலோ அடகு வைத்த நகையிலோ வரவேண்டியிருக்கிறது.
- வேலையிடத்துச் சலிப்பு ஒன்றே காரணமாக இருக்கிறது. இந்நிலையில் வேறு நிறுவனமோ ஊரிலிருந்து செய்யும் மென்பொருள் வேலையோ தீர்வாகும்.
- தொழிலின் அன்றாட வேலையை, அதாவது விடியற்காலைச் சந்தையை, களப்புச் சேற்றை, கடன் வசூலிப்பைச் செய்ய மனமில்லை.

முதல் தொகுதி முழுவதும் பொருந்தி, மூன்றாம் தொகுதியில் எதுவும் பொருந்தாதபோது விலகல் கடிதம் கொடுக்கலாம். இரண்டாம் தொகுதியில் ஒன்று பொருந்தினாலும் இன்னொரு பருவம் வேலையில் இருந்தபடியே நடத்துவது சரி. அந்தப் பருவத்தின் கணக்கே அடுத்த முடிவுக்கு ஆதாரமாகும்.